அத்திலாந்திக்கைக் கடந்த அன்னபூரணி

1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதலாந் தேதி, ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள கிளோஸ்டர் என்னுந் துறைமுகத்துக்கு, இரண்டு பாய்மரங்களையுடைய சிறு மரக்கலம் ஒன்று வந்து சேர்ந்தது. பாய்க்கப்பல் அவ்வூராருக்குப் புதிய காட்சியன்று. 1623ஆம் ஆண்டில் குடியேற்றங் கண்ட நாள் முதல் மீன்பிடியையே உயிர்த்தொழிலாகக் கொண்ட ஊர் அது. நியூபவுண்ட்லாந்துக்கு அப்பாலுள்ள மூடுபனிக் கடலில் மீன் பிடிக்கச் சென்று மீளாத அவ்வூர் மக்களோ பல்லாயிரவர். ஒரு கலம் கடலுக்கு ஏற்றதா அன்றா என்பதைக் கரையில் நின்று பார்த்தே சொல்லத்தக்க கண்கள் அங்கே இருந்தன.

வந்த கலத்தின் பெயர் அப்பொழுது 'புளோறன்ஸ் சி. றொபின்சன்'. அதன் இயற்பெயரோ வேறு. அது 'அன்னபூரணி அம்மாள்' என்னும் பெயருடன் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், வல்வெட்டித்துறையிற் பிறந்த கலமாகும். அதனை ஓட்டி வந்தவர்களும் அத்துறையின் மைந்தர்களே.

வல்வெட்டித்துறை பருத்தித்துறைக்கு மேற்கே கடலை நோக்கியிருக்கும் ஊர். அதனைத் துறையென்று சொல்கிறோமேயன்றி, இயற்கை அதற்குப் பெருந்துறைமுகம் எதனையும் அளித்துவிடவில்லை. கரையை அடுத்துப் பார் உண்டு; கப்பல்கள் அதற்கப்பால் நங்கூரமிட்டு நிற்க, பண்டங்களைச் சிறு தோணிகளே கரைக்கும் கப்பலுக்குமாக ஏற்றி இறக்கின. இத்துணைக் குறையோடும் அவ்வூர்க் கப்பல்கள் நாகபட்டினம், கொச்சி, காக்கிநாடா, இரங்கூன் முதலிய துறைகளுக்குச் சென்று மீண்டன. யாழ்ப்பாணத்துப் புகையிலை மலையாளக்கரைக்குப் போயிற்று; பர்மாவிலிருந்து அரிசியும் நெல்லும், கொச்சியிலிருந்து ஓடும் மரமும் வந்தன. அவ்வூரிலுள்ள வைத்தீசுவரன் கோயிலை எழுப்பியவர் கப்பலுடைமையாளரான வெங்கடாசலம் பிள்ளை. கடல் தந்த செல்வத்தின் ஒரு பங்கு கருங்கல்லாகக் கரையில் நிலைபெற்றதற்கு அக்கோயிலே சான்று.

அன்னபூரணி 1930ஆம் ஆண்டில் கட்டப்பெற்றது. நீளம் 89 அடி. அகலம் 19 அடி. நீராவிக் கப்பல்கள் உலகக் கடல்களையெல்லாம் தம் வசப்படுத்தி நெடுங்காலம் ஆகிவிட்ட நிலையில், வேப்பமரத்தை வெட்டி, அதன் இயல்பான வளைவுகளையே கப்பலின் விலாவுக்குப் பொருத்தி, பலகைகளின் இடைவெளிகளை அடைத்துக் கீல் பூசி, ஒரு பாய்க்கப்பலை முழுமையாக எழுப்ப வல்லவர்கள் அக்கரையில் இன்னும் இருந்தனர். வேம்பைத் தேர்ந்தது வறுமையால் அன்று. கடற்புழுவின் அரிப்புக்கு எளிதில் இடங்கொடாத மரம் எனப் பட்டறிவால் அறிந்தே அவர்கள் அதனைத் தேர்ந்தனர். நோய்க்கும் பேய்க்கும் வாசலிற் செருகும் வேப்பிலையை அறிந்த மக்களுக்கு அம்மரம் கடலிலும் காவலாயிற்று எனலாம். முன்மரத்திற் குறுக்குப் பாய்களும், பின்மரத்தில் நீளவாக்கிற் கட்டும் பாயும் கொண்ட அமைப்பு அக்கலத்துடையது. பின்காற்றைக் குறுக்குப் பாய் வாங்கும். பக்கக்காற்றுக்கு மற்றப் பாய் உதவும்.

காற்றே இக்கலங்களின் பஞ்சாங்கம். வைகாசி பிறந்து சோளகம் நிலைத்தால் கிழக்கே வங்கக்கடலைக் கடந்து பர்மாவுக்குச் செல்லலாம். வாடை வீசத் தொடங்கிய பின் அக்காற்றிலேயே வீடு திரும்பலாம். இடையே ஐப்பசி, கார்த்திகையிற் புயல் எழும் நாட்களிற் கலத்தைக் காப்பிடத்திற் கட்டிவைக்க வேண்டும். இக்கணக்கிற் பிழைத்தவன் கப்பலையும் இழப்பான், உயிரையும் இழப்பான். தண்டயல் எனப்படும் கப்பற்றலைவனுக்கு இக்கணக்கு வாய்ப்பாடு போல மனத்திற் பதிந்திருந்தது.

கலம் சிறியதாக இருந்தது ஒரு குறையா என்னும் வினா எழலாம். பாக்கு நீரிணையின் ஆழங் குறைந்த நீரில் ஓட வேண்டிய கப்பல் பெரிதாகவும் ஆழமாகவும் இருக்க முடியாது. இவ்வுண்மை விளங்கியது நம் கடலில் மட்டுமன்று. இங்கிருந்து எத்தனையோ காதம் அப்பால், பனி உறைந்த வடதுருவக் கடலிலும் இதுவே விளங்கிற்று. அத்திலாந்திக்கிலிருந்து பசிபிக்குக்கு வடகனடாவின் தீவுகளூடே வழி காண்பதற்காக, 1845இல் பிரித்தானியக் கடற்படை 'எரெபஸ்', 'ரெறர்' என்னும் இரு பெருங் கலங்களை 129 பேருடன் அனுப்பிற்று. ஒருவரேனும் உயிருடன் மீளவில்லை. பின்னர் 1903இல் நோர்வே நாட்டு அமுண்ட்சென், 70 அடி நீளமுள்ள 'யோவா' என்னும் பழைய மீன்பிடிக் கலத்தில் ஆறு துணைவரோடு புறப்பட்டார். ஆழமற்ற கால்வாய்களுள் அச்சிறு கலம் பாறைகளையும் பனிக்கட்டிகளையும் விலக்கி நுழைந்து சென்றது. 1906இல் அவ்வழி முழுவதையும் கடந்து முடித்தது. யோவாவினும் அன்னபூரணி நீளத்தில் 19 அடி கூடியது என்பதைக் கேட்போர் கருத்திற் கொள்ளுதல் நன்று.

அன்னபூரணியை விலைக்கு வாங்கியவர் வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர். அவர் 1928 முதல் 1931 வரையுள்ள காலத்தில் 32 அடி நீளமுள்ள 'சுவாப்' என்னும் பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்து புகழ் பெற்றவர். 1934இல் மனைவியாருடன் கலாபகோஸ் தீவுகளிலிருந்தபோது அவருக்குக் குடல்வால் நோய் கண்டது. அருகே மருத்துவர் இல்லை. தற்செயலாக அங்கு வந்த மீன்பிடிக் கப்பலொன்றின் வானொலிக் கருவி வாயிலாகச் செய்தி பனாமாவை எட்டியது. அமெரிக்கக் கடற்படை விமானத்தில் மருத்துவரை அனுப்பிக் காத்தது. மனித நடமாட்டமற்ற கடல்களை விரும்பிச் செல்வோருக்கு எப்பொழுதும் இத்தகைய உதவி வாய்ப்பதில்லை. உயிர் பிழைத்தும் கடலாசை தீராத அவர், இலங்கைக்கு வந்தபோது வடகரைக் கலங்களின் வனப்பைக் கண்டு மயங்கினார். நெல்லும் ஓடும் சுமந்த அன்னபூரணி அவருடைய உடைமையாயிற்று. புளோறன்ஸ் என்பது அவருடைய மனைவியாரின் பெயர். கலத்துக்கும் அப்பெயரே சூட்டப்பட்டது.

கலத்தை அமெரிக்காவிற் சேர்க்கும் பணியில் அமெரிக்கர் ஒருவரும் ஈடுபட்டாராயினும், பாயேற்றவும் இறக்கவும், சுக்கான் பிடிக்கவும், நீர் இறைக்கவும் நின்றவர்கள் தண்டயல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் அவருடன் சென்ற வல்வெட்டித்துறையாருமேயாவர். இந்துமாகடலைக் கடந்து ஏடன், அங்கிருந்து செங்கடல், சுயெஸ் கால்வாய், மத்தியதரைக்கடல், ஜிப்ரால்டர், அதன்பின் அத்திலாந்திக்கின் குறுக்கே பேமுடா, இறுதியிற் கிளோஸ்டர் என்பது அவர்கள் சென்ற வழி.

இவ்வழியின் தன்மையை உணர்வதற்குத் துருவ நட்சத்திரத்தை நோக்குதல் போதும். ஓரிடத்தின் வட அகலக்கோடு எத்தனை பாகையோ, ஏறக்குறைய அத்தனை பாகை உயரத்தில் அந்நட்சத்திரம் அங்கே தோன்றும். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் வடக்கு நோக்கி நிற்போருக்கு அது 10 பாகைக்கும் சற்றுத் தாழ்வாக, நீட்டிய கையின் ஒரு முட்டியளவு உயரத்திற் கடலின் மேல் நிற்கும். சிறிது முகில் படிந்தாலும் மறைந்துவிடும். சுயெஸை அடைந்தபோது அது 30 பாகைக்கு ஏறிவிட்டது; ஜிப்ரால்டரில் 36; கிளோஸ்டரில் 42க்கும் மேல், அதாவது நான்கு முட்டிக்கும் அதிகம். தலைமுறை தலைமுறையாக அடிவானத்தருகே கண்டு பழகிய நட்சத்திரம் வானின் நடுவை நோக்கி இரவுக்கு இரவு எழுவதை அம்மாலுமிகள் கண்டனர். அவர்கள் மனப்பாடஞ் செய்த சோளகமும் வாடையும் அங்கே இல்லை. மத்தியதரைக்கடலின் காற்றுக்கு மாதக்கணக்கு இல்லை. திடீரென எழும், திடீரென அடங்கும். அத்திலாந்திக்கில் அலை நீண்டது. கரையோ பல வாரத் தொலைவு. பேமுடாவுக்கும் கிளோஸ்டருக்கும் இடையே வெப்ப நீரோட்டம் ஒன்று வடகிழக்காக ஓடுகிறது. அது குளிர்நீரைச் சந்திக்கும் இடங்களிற் கோடையிலுங் கூட மூடுபனி கவியும். பஞ்சாங்கம் முழுவதும் மாறிய பின்னும் அவர்கள் கலத்தைச் சேரவேண்டிய இடத்திற் சேர்த்தனர். மனப்பாடமாக மட்டும் இருந்திருப்பின் அவ்வறிவு ஏடனைத் தாண்டியிராது.

கிளோஸ்டர் வட்டாரத்துக்கும் வடதுருவத்துக்கும் உள்ள தொடர்பையும் இங்கே சொல்லுதல் வேண்டும். அதன் அயலூராகிய எசெக்சில் 1894இற் கட்டப்பெற்று, கிளோஸ்டரில் மீன்பிடித்து வந்த 'எபி எம். மொறிசி' என்னும் பாய்க்கப்பல், 1926 முதல் 1945 வரை கப்பற்றலைவர் றொபேட் பாட்லெற்றின் கீழ்க் கோடைதோறும் வடதுருவக் கடலுக்குச் சென்றது. அறிவியல் ஆராய்வோர் சிலர் அதிற் சென்றனர்; பனிமலைகளைக் காணும் ஆவலாற் பெரும்பணம் கட்டி, கப்பல் வேலையும் பயின்ற செல்வர் வீட்டு இளைஞர் பலரும் சென்றனர். 1940இல் அக்கலம் 80ஆம் பாகையையும் கடந்து சென்றது. இன்று சிறு கப்பல்களிற் பனிக்கடல் காணச் செல்லும் உல்லாசப் பயணிகளுக்கு அவ்விளைஞர்களே முன்னோடிகள் என்னலாம். 'லின்ட்பிளாட் எக்ஸ்புளோரர்' என்னும் பயணிகள் கப்பல் 1984இல் அமுண்ட்சென் கண்ட வடமேற்கு வழியைக் கடந்த பின் அப்பயணங்கள் பெருகின.

ஒரே காலத்தில், ஒரே வட்டாரத்தில் இருவகைக் கடலோடிகள். ஒரு சாரார் காசு கொடுத்துக் கயிறு இழுத்தனர். மற்றச் சாரார் காசுக்காகக் கயிறு இழுத்தனர். முன்னவர் ஊர் திரும்பி நூல்களும் கட்டுரைகளும் எழுதினர். பின்னவர் ஊர் திரும்பி மீண்டும் கப்பலேறினர். வீரம் என்று நாம் எதனைச் சொல்கிறோமோ அது அவர்களுக்குச் சம்பள வேலையாக இருந்தது. அதனாலேயே அது குறைவுபட்டது என எவரும் எண்ணுதல் தவறு.

அவர்கள் திரும்பிய பின் அத்தொழிலுக்கு வாழ்நாள் அதிகம் இருக்கவில்லை. 1939இற் போர் மூண்டது. 1942இல் இரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. அரிசிக் கப்பல் நின்றது. போருக்குப் பின் இந்தியாவும் இலங்கையும் தனித்தனி அரசுகளாயின. சுங்கமும் நாணயக் கட்டுப்பாடும் நீரிணையின் நடுவே வேலியாயின. இயந்திரப் படகுகள் பாய்களை அகற்றின. 1964 டிசம்பர்ப் புயல் வடகரையிற் பெருநாசம் விளைத்தது. வேம்பின் வளைவைப் பார்த்து விலாவைக் குறிக்கும் கண் அப்பட்டறைகளோடு மறைந்தது. அக்கணக்குகளை ஏட்டில் எழுதிவைக்க யாரும் முனையவில்லை; இவ்விடத்தில் நம்மவர் மேல் ஒரு குறை உண்டு.

யோவா என்னும் மீன்பிடிக் கலம் 1972இல் அமெரிக்காவிலிருந்து நோர்வேக்கு மீட்டுக் கொண்டுசெல்லப்பட்டு ஒஸ்லோ நகரில் வைக்கப்பட்டுள்ளது. மொறிசி பிற்காலத்திற் கேப் வேடித் தீவாரின் கைக்கு மாறி, 1982இல் அவர்களாலேயே அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகத் திருப்பி அளிக்கப்பட்டது. அதனையும் பழுதுபார்த்துப் பேணுகின்றனர். அன்னபூரணியின் ஒரு பலகையேனும் காட்சிக்கு இல்லை. கிளோஸ்டரை அடைந்த கலத்தில் எழுதியிருந்த பெயர் வேறாயினும், வல்வெட்டித்துறையில் அதனை வேறு பெயரால் அழைப்பார் இல்லை. அங்கே அது இன்றும் அன்னபூரணி அம்மாள்தான்.