ஆடியோவில் ஒரு பகுதிக்கு மட்டும் எஃபெக்ட் போடுவது எப்படி? 'ஆடாசிட்டி'யில் செய்ய வேண்டியதும், செய்யக் கூடாததும்

20 நிமிட பேட்டி. அதில் 2 நிமிடம் மட்டும் ஃபேன் சத்தம். அதைக் குறைக்க மொத்த ஆடியோவுக்கும் எஃபெக்ட் போட்டால் என்ன ஆகும்? நன்றாக இருந்த 18 நிமிடக் குரலும் தண்ணீருக்குள் இருந்து பேசுவது போல மாறிவிடும். யூடியூப், பாட்காஸ்ட் தொடங்கும் பலர் முதலில் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

தேவையான பகுதிக்கு மட்டும் எஃபெக்ட் போடுவது எப்படி? இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளை வைத்துப் பார்ப்போம். 2000ஆம் ஆண்டு முதல் பொதுப் பயன்பாட்டில் இருக்கும் இது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். இங்கே சொல்லப்படுவது இதன் 3ஆம் வரிசைப் பதிப்புகளுக்கானது. மேக் பயன்படுத்துபவர்கள் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் பட்டனை அழுத்த வேண்டும்.

முதல் வேலை: அசலைக் காப்பாத்துங்க

எஃபெக்ட் மெனுவில் இருந்து போடும் எஃபெக்ட், ஆடியோவையே மாற்றி எழுதிவிடும். கன்ட்ரோல் + இசட் அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் ப்ராஜெக்டை சேவ் செய்து மூடிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். மறுநாள் திறந்து 'வேண்டாம், பழையபடி கொடு' என்று கேட்க முடியாது.

அதனால் ரெக்கார்டிங் ஃபைலை முதலிலேயே காப்பி எடுத்து வேறு ஃபோல்டரில் வைத்துவிட வேண்டும்.

ஸ்டெப் பை ஸ்டெப்

1. ஆடியோ அலைவடிவத்தின் மேல் மவுஸை அழுத்தி இழுத்து, வேண்டிய பகுதியைத் தேர்வு செய்யுங்கள். அந்த இடம் மட்டும் நிறம் மாறித் தெரியும். துல்லியமாகத் தேர்வு செய்ய கன்ட்ரோல் + 1 அழுத்திப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

2. இப்போது 'இசட்' எழுத்தை மட்டும் அழுத்துங்கள். தேர்வின் இரண்டு ஓரமும், அலை நடுக்கோட்டைத் தொடும் இடத்துக்கு நகரும். அலை உச்சியில் இருக்கும்போது ஆடியோவை வெட்டினாலோ மாற்றினாலோ, அந்த இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். இந்த ஒரு பட்டன் அதைப் பெரும்பாலும் தவிர்த்துவிடும்.

3. எஃபெக்ட் மெனுவில் தேவையானதைத் திறந்து, முதலில் ப்ரிவ்யூ கேளுங்கள். சரியாக இருந்தால் மட்டும் அப்ளை கொடுங்கள்.

4. மாற்றிய பகுதிக்கு 3 விநாடி முன்னாடி இருந்து போட்டு, அது முடிந்து 3 விநாடி வரை கேளுங்கள். பெரும்பாலும் சொதப்புவது அந்த இரண்டு ஓரங்களில்தான்.

எதையுமே தேர்வு செய்யாமல் எஃபெக்ட் போட்டால், செட்டிங்ஸைப் பொறுத்து அது முழு ஆடியோவிலும் விழலாம். அப்ளை கொடுக்கும் முன் தேர்வைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஃபேன் சத்தத்தைக் குறைப்பது எப்படி?

இதற்கான 'நாய்ஸ் ரிடக்ஷன்' இரண்டு கட்டமாக வேலை செய்யும். முதலில், யாரும் பேசாமல் ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும் ஒன்றிரண்டு விநாடியைத் தேர்வு செய்து 'கெட் நாய்ஸ் ப்ரொஃபைல்' கொடுக்க வேண்டும். எதை நீக்க வேண்டும் என்று மென்பொருள் கற்றுக்கொள்வது இதில்தான். பிறகு, சத்தம் உள்ள பகுதியைத் தேர்வு செய்து, அதே எஃபெக்டை மறுபடி திறந்து ஓகே கொடுக்க வேண்டும்.

ஃபேன், ஏசி மாதிரி ஒரே சீராக வரும் இரைச்சலுக்குத்தான் இது நன்றாக உதவும். ஹாரன், கூட்டத்தின் பேச்சு, பின்னால் ஓடும் பாட்டு ஆகியவை நொடிக்கு நொடி மாறுவதால், அவற்றை இது நீக்காது. வலுக்கட்டாயமாகக் கூட்டினால் குரல்தான் கெடும்.

எக்கோ பாதியில் அறுந்து போகுதா?

ஒரே ஒரு வார்த்தையைத் தேர்வு செய்து எக்கோ அல்லது ரிவெர்ப் போட்டால், வார்த்தை முடிந்ததும் எதிரொலியும் சட்டென்று நின்றுவிடும். தேர்வு செய்த நீளத்துக்குள் மட்டுமே எஃபெக்ட் வேலை செய்வதுதான் காரணம்.

இதற்கு வழி உண்டு. அந்த வார்த்தையை மட்டும் தனி ட்ராக்குக்கு மாற்றி, அதன் பின்னால் 2, 3 விநாடி மௌனத்தைச் சேர்த்து, இரண்டையும் சேர்த்துத் தேர்வு செய்து எஃபெக்ட் போட வேண்டும். எதிரொலி அடங்க இடம் கிடைத்துவிடும். கன்ட்ரோல் + ஆல்ட் + ஐ அழுத்தினால், தேர்வு செய்த பகுதி நேரம் மாறாமல் புது ட்ராக்குக்குப் போய்விடும்.

ஃபோனில் பேசுவது போல ஒரு வரி வேண்டுமா? பழைய தொலைபேசிகள் சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியைத்தான் கடத்தின. 'ஃபில்டர் கர்வ்' எஃபெக்டில் 'டெலிஃபோன்' என்றே ஒரு தயார் அமைப்பு இருக்கிறது. அந்த வரியை மட்டும் தேர்வு செய்து போட்டால் போதும்.

அசல் மாறாமல் எஃபெக்ட் போட முடியுமா?

முடியும். 2022இல் வந்த 3.2 பதிப்பில் இருந்து ரியல் டைம் எஃபெக்ட் வசதி உள்ளது. எப்போது வேண்டுமானாலும் ஆன், ஆஃப் செய்யலாம், அளவை மாற்றலாம், அசல் ஆடியோ அப்படியே இருக்கும். ஆனால் இது முழு ட்ராக்கிலும் வேலை செய்யும். அதனால் வேண்டிய பகுதியை மேலே சொன்னபடி தனி ட்ராக்குக்கு மாற்றி, அந்த ட்ராக்குக்கு மட்டும் எஃபெக்ட் கொடுக்க வேண்டும்.

குரலை மாற்றினால் ஆளை மறைக்க முடியுமா?

இதில்தான் அதிக கவனம் தேவை. முறைகேடு பற்றிப் பேசுபவர், பாதிக்கப்பட்டவர் போன்றோரின் பேட்டியில் குரலின் சுருதியை மட்டும் ஏற்றியோ இறக்கியோ வெளியிடுவது பலர் செய்யும் வேலை. அது பாதுகாப்பு இல்லை. சுருதியை 4 படி இறக்கியிருந்தால், கேட்பவர் அதே மென்பொருளில் 4 படி ஏற்றி, அசலுக்கு மிக நெருக்கமான குரலைக் கேட்டுவிடலாம். பேசும் வேகம், இழுவை, வட்டார வழக்கு எதுவும் மறைவதில்லை.

பாதுகாப்பான வழி, அவர் சொன்னதை வேறொருவர் குரலில் பதிவு செய்வது. பெயர், ஊர் வரும் இடங்களைத் தேர்வு செய்து கன்ட்ரோல் + எல் அழுத்தி மௌனமாக்கிவிடலாம். 'பீப்' வேண்டுமென்றால் ஜெனரேட் மெனுவில் உள்ள டோன், அந்தப் பகுதிக்குப் பதிலாக வந்து உட்காரும். பேச்சுக்கு மேலே பீப்பை மிக்ஸ் செய்தால் மட்டும் போதாது, அடியில் பெயர் கேட்கக்கூடும்.

இன்னொரு ஆபத்து ப்ராஜெக்ட் ஃபைல். 3.1 பதிப்பு முதல், ஓரத்தை இழுத்து ட்ரிம் செய்த பகுதி அழிவதில்லை, மறைந்து மட்டுமே இருக்கும். அந்த ஃபைலை வாங்குபவர் இழுத்துப் பார்த்தால் எல்லாம் திரும்ப வரும். எனவே ப்ராஜெக்ட் ஃபைலை யாருக்கும் அனுப்பாமல், எம்பி3 அல்லது வேவ் ஆக எக்ஸ்போர்ட் செய்ததை மட்டும் பகிர வேண்டும்.

பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72ஆவது பிரிவின் கீழும், குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவின் கீழும் குற்றம். சொந்த சேனல் நடத்துபவர்கள், வெளியிடும் முன் எக்ஸ்போர்ட் செய்த ஃபைலை ஹெட்ஃபோனில் ஒரு தடவை முழுசாகக் கேட்டுவிடுவது அவசியம்.