எல்லாச் சாவையும் எழுதியவர்

கல்முனையில் அக்கரைப்பற்று பஸ் ஏறினால் பிரதான வீதியில் ஊர்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வரும். சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர், அட்டப்பள்ளம், ஒலுவில். பள்ளிவாசல் முடியுமிடத்தில் கோயில் தொடங்கும்; கோயில் முடிய மறுபடி பள்ளிவாசல். பஸ்ஸில் எல்லோரும் ஒரே சீட்டில்தான் இருப்போம். ஆனால் சாவுகளை எண்ணும்போது மட்டும் ஒவ்வோர் ஊரும் தன் கணக்கைத் தனியாக வைத்திருக்கிறது.

நான் காரைதீவில் பிறந்தவள். வரலாறு படிப்பிக்கிறேன். 1985 ஏப்ரலில் பொலிஸ் விசேட அதிரடிப்படையின் துணையோடு வந்த முஸ்லிம் கூட்டம் எங்கள் ஊரை எரித்தபோது எனக்குப் பத்து வயது. எங்கள் வீடும் எரிந்தது. அந்த ஏப்ரலை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஐந்து வருடம் கழித்து, 1990 ஜூனில், கல்முனை உட்படக் கிழக்கின் பொலிஸ் நிலையங்களில் சரணடைந்த நூற்றுக்கணக்கான சிங்கள, முஸ்லிம் பொலிசாரை விடுதலைப் புலிகள் கொண்டுபோய்ச் சுட்டதைக் கேட்டால், பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். அயல் முஸ்லிம் ஊரிலும் இதே வழக்கம்தான். அங்கே காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்ட 1990 ஆகஸ்ட் 3 சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வீரமுனைக் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்ட ஆகஸ்ட் 12 தெரியாது. அதே நாள்தான் ஏறாவூர் முஸ்லிம்களும் புலிகளால் கொல்லப்பட்டார்கள். ஒரே தேதி, இரண்டு ஊர், இரண்டு நினைவு நாள்.

இந்தப் பழக்கத்தை உடைத்து எழுதிய ஒரு பெண்ணைப் பற்றி எங்கள் கரையில் அநேகம் பேர் கேள்விப்பட்டதில்லை. காரைதீவுச் சந்தியில் சிலையாக நிற்கும் விபுலானந்த அடிகள் எங்கள் ஊர் பெற்ற பேராசிரியர். அவரைப் பற்றிப் பேச்சுப் போட்டி வைக்கிறோம். நான் சொல்லும் அந்தப் பெண் ரஜனி திராணகமவும் பல்கலைக்கழக ஆசிரியர்தான். அவர் பெயரில் இங்கே ஒரு கூட்டம் நடந்து நான் பார்த்ததில்லை.

ரஜனி 1954 இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தார். பெற்றோர் ஆசிரியர்கள். சுண்டுக்குளி மகளிர் கல்லூரியில் படித்து, கொழும்பில் மருத்துவம் பயின்றார். மாணவர் அரசியலில் இருந்த தயாபால திராணகம என்ற சிங்களவரை மணந்தார். இரண்டு பெண் பிள்ளைகள். மலையகத்தில் ஹல்துமுல்லவில் வைத்தியராக வேலை செய்தபின் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் விரிவுரையாளரானார்.

அவரும் ஆரம்பத்தில் புலிகள் இயக்கத்தை நம்பியவர் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்கா நிர்மலா புலிகளோடு நின்று 1982 இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் சிறை போனவர். ரஜனி காயப்பட்ட பெடியன்களுக்கு மருந்து கட்டினார். 1983 இல் புலமைப்பரிசில் பெற்று இங்கிலாந்தின் லிவர்பூலுக்கு ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் போன பிறகும் அங்கே இயக்கத்துக்காகப் பிரசாரம் செய்தார். புலிகள் மாற்று இயக்கங்களை அழித்ததையும் கேள்வி கேட்டவர்களைத் தீர்த்ததையும் பார்த்துத்தான் விலகினார். உள்ளே நின்று பார்த்தவரின் விலகல் என்பதால்தான் அவர் எழுத்து இயக்கத்துக்குக் கூடுதலாக உறைத்தது.

1986 இல் அவர் ஊர் திரும்பிய காலத்துப் பல்கலைக்கழகம் எப்படி இருந்தது என்பதற்கு இரண்டு பெயர் போதும். அந்த வருடம் நவம்பரில் விஜிதரன் என்ற கிழக்கு மாகாண மாணவன் கடத்தப்பட்டான். திரும்பி வரவில்லை. நீதி கேட்டு மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், ஊர்வலம் போனார்கள். அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய விமலேஸ்வரன் 1988 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒருவனுக்காக யாழ்ப்பாணத்து மாணவர்கள் தெருவில் இறங்கிய அந்தக் கதைகூட இன்று கிழக்கில் யாருக்கும் ஞாபகமில்லை.

1987 ஜூலையில் இந்திய அமைதிப்படை வந்தது. ஒக்டோபரில் புலிகளோடு சண்டை தொடங்கியது. 21, 22 ஆம் தேதிகளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்த இந்தியப் படை வைத்தியர், தாதியர், நோயாளர் என்று பாராமல் சுட்டது. ரஜனியும், ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், ஸ்ரீதரன் ஆகிய சக ஆசிரியர்களும் வீடு வீடாகப் போய், என்ன நடந்தது என்று கேட்டு எழுதத் தொடங்கினார்கள். 1988 இல் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பு உருவானது. பெண்களுக்கு என்ன நடந்தது என்பதை ரஜனி தனியாகக் கவனித்தார். பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்கள், கணவனைப் பறிகொடுத்தவர்கள், பிள்ளையைத் தேடி முகாம் முகாமாக அலைந்த தாய்மார் என்று பெண்களையே பேச வைத்து எழுதினார். பூரணி இல்லம் என்ற பெண்கள் நிலையத்தோடும் நெருங்கி உழைத்தார்.

இவர்கள் செய்தது கேட்கச் சின்ன வேலை. நடந்த இடத்துக்கு நேரே போவது, கண்டவரிடம் கேட்பது, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் ஒத்துப் பார்ப்பது, வதந்தியை வதந்தி என்றே எழுதுவது, சுட்டது யார் என்று தெரிந்தால், அது அரசாங்கமோ இந்தியாவோ புலியோ மற்ற இயக்கமோ, பேரைச் சொல்வது. இந்தக் கடைசி விதிதான் உயிரை வாங்கியது. இராணுவம் செய்ததை மட்டும் எழுதியிருந்தால் ஊர் மாலை போட்டிருக்கும்.

1989 செப்டெம்பர் 21 ஆம் தேதி பின்னேரம், பல்கலைக்கழகத்திலிருந்து வீட்டுக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ரஜனியைத் திருநெல்வேலியில் வைத்துச் சுட்டார்கள். வயது 35. தன்னைச் சுடப்போவது வெளியாள் அல்ல, இந்தச் சமூகத்தின் பிள்ளையே என்று முன்பே கடிதத்தில் எழுதியிருந்தார். குடும்பத்தாரும் தோழர்களும் புலிகளையே குற்றம் சாட்டினார்கள். இதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

நால்வரும் எழுதிய நூல் அவர் இறந்த அடுத்த வருடம், 1990 இல், ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் அதன் பெயர் 'முறிந்த பனை'. நான் அதை அட்டை இல்லாத போட்டோக்கொப்பியாகத்தான் முதலில் வாசித்தேன். தந்தவர் தன் பேரைச் சொல்ல வேண்டாம் என்றார், இன்றும் சொல்லவில்லை.

கிழக்கைப் பொறுத்தவரை அவருடைய உண்மையான மரபு அவர் இறந்த பிறகுதான் தொடங்குகிறது. ஹூலும் ஸ்ரீதரனும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறி, மறைந்து வாழ்ந்துகொண்டே அறிக்கைகளைத் தொடர்ந்தார்கள். 1990 இல் வட மாகாண முஸ்லிம்களைப் புலிகள் துரத்தியதைக் கண்டித்து எழுதினார்கள். 1991 மே மாதம் வந்த அறிக்கை முழுக்க மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களைப் பற்றியது. இராணுவம் திரும்பப் பிடித்தபின் கல்முனையில் காணாமற்போன தமிழர், புலிகள் கொன்ற முஸ்லிம்கள், ஊர்காவல் படை கொன்ற தமிழர் என்று எல்லோரையும் ஒரே தாளில் வைத்தார்கள். கொன்றவர் பெயரையும் விடவில்லை, அதற்கு முன் என்ன நடந்தது என்பதையும் விடவில்லை. என் ஊரின் சாவும் பக்கத்து ஊரின் சாவும் ஒரே எழுத்தில் இருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை. இந்த வேலைக்காக ஹூல், ஸ்ரீதரன் இருவருக்கும் 2007 இல் சர்வதேச மார்ட்டின் என்னல்ஸ் விருது கிடைத்தது.

இந்த அறிக்கையைப் பற்றி ஒருமுறை நிந்தவூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் சொன்னேன். என் அண்ணன் மாதிரியான மனிதர். காக்கா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் சேர்த்து ஒரு பதிவுப் புத்தகம் எழுதுவோமா என்று கேட்டேன்.

"நல்ல விசயந்தான் தங்கச்சி. முதல்ல உங்கட ஆக்கள் செஞ்சத எழுதுங்க. பொறகு நாங்க எங்கட ஆக்கள் செஞ்சத எழுதுறம்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டபோது அவர்களும் இதையேதான் சொன்னார்கள், ஊர்ப் பேரை மட்டும் மாற்றி. ஆனால் 2004 சுனாமி வந்தபோது யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. காரைதீவாருக்கும் மாளிகைக்காட்டாருக்கும் ஒரே அலைதான். அந்தச் சாவுகளுக்குக் குற்றவாளி இல்லை என்பதால் சேர்ந்து அழ முடிந்தது. குற்றவாளி உள்ள சாவில்தான், அவன் நம்மவன் என்ற இடத்தில், வாய் அடைத்துப்போகிறது.

ரஜனி அந்த இடத்தில்தான் காத்திருக்க மறுத்தார். மற்றவன் முதலில் எழுதட்டும் என்று அவர் சொல்லவில்லை. தான் ஒருகாலம் நம்பிய, காயத்துக்கு மருந்து கட்டிய பெடியன்கள் செய்ததை, இந்தியப் படை செய்ததற்குப் பக்கத்திலேயே எழுதினார். அவரைத் தியாகி என்று படம் மாட்டுவது சுலபம். அவர் முறையைப் பின்பற்றுவது கஷ்டம். ஏனென்றால் அது சொந்த வீட்டிலிருந்து தொடங்குகிறது.

காரைதீவு, நிந்தவூர், சாய்ந்தமருது, வீரமுனை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1985 ஐயும் 1990 ஐயும் வளர்ந்தவர்களாகக் கண்டவர்களில் பலர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். மாதம் ஒருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒரு கொப்பி போதும். உங்கள் ஊராரால் கொல்லப்பட்டவர்களின் பெயரை முதல் பக்கத்தில் எழுதுங்கள். காரைதீவின் கொப்பியை நான் தொடங்கிவிட்டேன். பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம்.