டாம்-ஆல்-அலோன்ஸ் (எட்சிங் படம்)

சார்லஸ் டிக்கன்ஸின் ‘பிளீக் ஹவுஸ்’ நாவலுக்கு (1852–53) ‘ஃபிஸ்’ என்ற புனைபெயரில் ஹாப்லோ நைட் பிரௌன் வரைந்த படங்களுள் ஒன்று. அந்நாவலின் 40 படங்களில் ‘இருள் தகடுகள்’ எனப்படும் பத்தில் இதுவும் அடங்கும்.

தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடும் எட்சிங்கில் மை ஒன்றுதான். சாம்பல் நிறம் என்று தனியே எதுவும் கிடையாது. கோடுகளின் நெருக்கமும் ஆழமுமே நிழலாகின்றன. இருள் தகட்டில், எஃகுத் தகட்டின் மெழுகுப் பூச்சின்மீது எந்திரத்தால் நுண்ணிய இணைகோடுகள் இடப்படும். வெளிச்சம் வேண்டிய இடங்களை வார்னிஷ் பூசி அமிலத்திலிருந்து முதலிலேயே காப்பார்கள்; மற்றவை மேலும் அரிக்கப்பட்டுக் கருக்கும்.

நாவலில் வரும் டாம்-ஆல்-அலோன்ஸ் என்ற சேரியைக் காட்டும் இப்படத்தில் மனிதர் எவருமில்லை. முட்டுக்கொடுத்து நிற்கும் இடிந்த வீடுகள். அவற்றுக்கு அப்பால் தேவாலயக் கோபுரம். எந்திரக் கோடுகள் ஈரப் புகைபோல எல்லாவற்றின்மீதும் படிய, கையால் கீறிய கோடுகள் முட்டுக்கட்டைகளையும் சிதைந்த சுவர்களையும் தூக்கிக் காட்டுகின்றன. இந்த இரண்டு வகைக் கோடுகளையும் பிரித்தறியப் பூதக்கண்ணாடி உதவும். மலிவான மறுபதிப்புகளில் மெல்லிய கோடுகள் அப்பிப்போய் வெறும் கருமையே எஞ்சும். ஃபிஸ்ஸின் பெயர் நகைச்சுவைப் பாத்திரங்களோடு ஒட்டிக்கொண்டுவிட்டது; அவருடைய முதிர்ந்த கலை இந்த ஆளற்ற தெருவில்தான் இருக்கிறது.