ராணிக்கேத்தும் அத்தையின் கோழிகளும்

ஹல்த்வானி கிளைக்கு மாற்றலாகி வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை குடும்பத்தோடு ராணிக்கேத் போயிருந்தோம். "ராணியின் வயல்" என்று பொருளாம். ராணுவக் குடியிருப்பு, பைன் மரங்கள், எதிரே பனி மூடிய சிகரங்கள். மனைவியும் பிள்ளைகளும் மலையைப் பார்த்துக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் செத்த கோழி ஞாபகம். சிரிக்காதீர்கள். நாமக்கல், கரூர் பக்கத்து ஆட்களுக்குக் காரணம் புரிந்திருக்கும்.

நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்போம். கோழி தலையைத் தொங்கப்போடும், வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், சிலது கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றும். இரண்டு மூன்று நாளில் பட்டி காலி. கால்நடை மருத்துவர்கள் இதைத்தான் ராணிக்கெட் நோய் என்கிறார்கள். அந்த ராணிக்கெட் இந்த ராணிக்கேத்தேதான்! 1927-ல் இங்கே கோழிகள் கொத்தாகச் செத்தன. பக்கத்து மலையான முக்தேஷ்வரில் மாட்டுக் கொள்ளைநோய் ஆராய்ச்சிக்காக 1893 முதல் ஒரு அரசாங்க ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கிருந்த எட்வர்ட்ஸ் என்பவர் இதை ஆராய்ந்து 1928-ல் எழுத, ஊர்ப்பெயர் நோய்க்கு ஒட்டிக்கொண்டது.

வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய வருடமே, 1926-ல், ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் இதே போலக் கோழிகள் செத்திருந்தன. கொரியாவில் ஒரு பெயர், பிலிப்பைன்ஸில் இன்னொரு பெயர். எல்லாம் ஒரே நோயா, வேறு வேறா? அன்றைக்கு வைரஸைக் கண்ணால் பார்க்க வழியில்லை. ஏற்கெனவே தெரிந்த கோழிக் கொள்ளைநோய் ஒன்று வேறு இருந்தது (இன்று பறவைக் காய்ச்சல் என்கிறோமே, அது). சாகும் கோழியைப் பார்த்து எதனால் என்று சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் டாயில் என்பவர் செய்த சோதனை எளிமையானது. பழைய கொள்ளைநோய்க்கு எதிர்ப்புச் சக்தி பெற்ற கோழிக்குப் புதிய வைரஸைக் கொடுத்தார். கோழி செத்தது. அப்படியானால் இரண்டும் வேறு. இதே முறையைத் திருப்பிப் போட்டால், ஒன்றிலிருந்து பிழைத்த கோழி மற்றதையும் தாங்கினால், இரண்டும் ஒன்று. இப்படி ஒப்பிட்டு ஒப்பிட்டுத்தான் நியூகாசில், ராணிக்கெட் எல்லாம் ஒரே ஆசாமியின் வெவ்வேறு கணக்குகள் என்று தெரிந்தது. 1940-களில் கலிபோர்னியாவில் கோழிகளுக்கு மூச்சுத்திணறலும் நரம்புக் கோளாறும் வர, அதற்கும் தனிப்பெயர் வைத்து, கடைசியில் அதுவும் இதுதான் என்று 1944-ல் கண்டுபிடித்தார்கள்.

இங்கேதான் சிக்கல். கலிபோர்னியாவில் ராணிக்கேத் அளவுக்குச் சாவு இல்லை. ஆசாமி ஒருவன்தான், ஆனால் குணம் ஒன்றில்லை. ஆகவே அடுத்த கேள்வி, எவ்வளவு கொடியது? கருவுற்ற முட்டையில் வைரஸைச் செலுத்தி, கரு எத்தனை மணி நேரத்தில் சாகிறது என்று பார்த்தார்கள். 60 மணிக்குள் என்றால் கொடியது, 60 முதல் 90 வரை நடுத்தரம், 90-ஐத் தாண்டினால் சாது. (90 நாள் தாண்டினால் வாராக்கடன் என்று பழகிய எனக்கு இது தலைகீழாகத் தெரிந்தது.)

இந்த நடுத்தரத்தில்தான் எங்கள் வீட்டுக் கதை வருகிறது.

1940-களில் முக்தேஷ்வரில் ஹாடோ, இத்னானி இருவரும் கொடிய வைரஸை முட்டைக் கருவில் மறுபடி மறுபடி வளர்த்து வீரியம் குறைத்தார்கள். ஆர்2பி தடுப்பூசி அப்படி வந்தது. அடக்கிய வைரஸ்தான், ஆனால் முழுச்சாது இல்லை. எட்டு வாரம் தாண்டிய கோழிக்குத்தான் போட வேண்டும். குஞ்சுகளுக்கு எஃப், லசோட்டா போன்ற சாது ரகங்களைச் சொட்டு மருந்தாகத் தருவார்கள்.

பல வருடங்களுக்கு முன் அத்தை ஊரில் ஊசி முகாம். தாய்க்கோழியோடு ஒரு மாதக் குஞ்சுகளையும் அத்தை கூடையில் கொண்டுபோக, எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி. சில குஞ்சுகள் கால் விளங்காமல் செத்தன. "ஊசி போட்டுத்தான் கண்ணு செத்துச்சு" என்று எனக்குப் போன் செய்தார். நான் அப்போது புது அதிகாரி, எல்லாம் தெரிந்தவன். "சரி விடுங்க அத்தை, இனிமே போடாதீங்க" என்றேன். அத்தை போடவில்லை. அடுத்த கோடையில், மாரியம்மன் நோம்பிக்கு விற்க வைத்திருந்த சேவல்கள் உட்பட இருபத்திரண்டு உருப்படி, நான்கே நாளில் போய்விட்டன.

குஞ்சுகள் விஷயத்தில் அத்தை சொன்னது பெரும்பாலும் சரியாகத்தான் இருந்திருக்கும். அவை வயதுக்கு மீறிய ஊசியால் செத்திருக்கலாம். ஆனால் பெரிய கோழிகளுக்கு அதே ஊசிதான் காவல். எதிர்ப்புச் சக்தியைப் பொறுத்தவரை இந்த வைரஸ்கள் எல்லாம் ஒரே இனம், அதனால் ஒன்றைக் கொண்டு மற்றதைத் தடுக்க முடிகிறது. கொல்லும் திறன் மட்டும் வேறு. பி.காம் படித்தவன் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதற்கு அத்தை விலை கொடுத்தார்.

இன்று கோழியைக் கொல்லாமலேயே மரபணுவைப் படித்து ரகம் பிரிக்கிறார்கள். வைரஸின் மேலுறையில் ஒரு புரதம் வெட்டுப்பட்டால்தான் அது செல்லுக்குள் நுழையும். சாது ரகத்தை வெட்டும் நொதிகள் மூச்சுக்குழாய், குடல் பக்கம்தான் உண்டு. கொடிய ரகத்தை உடம்பில் எங்கும் வெட்டலாம், ஆகவே எங்கும் பரவும். சுமார் 15,000 எழுத்துகள் கொண்ட மரபணுவில், அந்த வெட்டுமிடத்துச் சில எழுத்துகளில் விஷயம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1998-ல் உள்ளூர்ச் சாது வைரஸே அந்த இடத்தில் மாறிக் கொடியதாகிவிட்டது.

நாட்டுக்கோழிகளுக்கென்று நம் கால்நடைப் பல்கலைக்கழகம் தீவனத்தில் கலந்து தரும் குருணை மருந்தை உருவாக்கியிருக்கிறது. கோழி பிடிக்கும் வேலை மிச்சம்.

ராணிக்கேத் கடைத்தெருவில் டீ குடித்தபடி கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். "நாடு முழுக்கக் கோழி செத்தால் எங்கள் ஊரைத்தான் சொல்கிறார்களா?" என்று அவர் முகம் சுருங்கியது. பாவம், வேறு இடங்களில் முந்தியே வந்த நோய் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சமாதானம் சொன்னேன்.

அங்கிருந்தே அத்தைக்குப் போன் போட்டு, ராணிக்கெட் ஊருக்கே வந்திருக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அங்கிருந்து கோழி கீழி எதையும் வாங்கிட்டு வந்துராதே கண்ணு" என்றார்.