கீழ்நிலை லீக் மிட்ஃபீல்டர்: வட சென்னை, திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி

வியாசர்பாடி, பெரம்பூர், ஆவடி வழியாகத் திருவள்ளூருக்கு ஒரு புறநகர் ரயில் தடம் போகிறது. எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கு இன்னொன்று. இவ்விரு தடங்களை ஒட்டிய ஊர்களில் பந்து பழகி, சென்னை லீக்கின் டிவிஷன்களில் அணி மாறி மாறி ஆடி, அந்த ஆட்டத்தைக் கொண்டே ஒரு வேலையில் அமர முயலும் நடுக்கள ஆட்டக்காரரைப் பற்றியது இக்கட்டுரை.

இவருடைய வாழ்க்கையை நிர்ணயிப்பது கிளப் அல்ல, வேலை. சென்னைக் கால்பந்தை நெடுங்காலம் தாங்கி நின்றவை துறை அணிகள்: ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, சுங்கத்துறை, வருமானவரித் துறை, ஏஜி அலுவலகம், இந்தியன் வங்கி. 1955இல் பெரம்பூரில் உற்பத்தியைத் தொடங்கிய ஐசிஎஃப், வீரர்களைப் பணிக்கு எடுத்து, தன் மைதானத்திலேயே ஆட வைத்தது. 1996-97இல் நடந்த முதல் தேசியக் கால்பந்து லீக்கில் பஞ்சாபின் ஜேசிடி, கோவா, கொல்கத்தா கிளப்புகளோடு இந்தியன் வங்கியும் ஆடியது. அந்த அணிகளில் இருந்தவருக்கு முழங்கால் போனாலும் மாதச் சம்பளம் வரும். அந்த ஒரு நிம்மதிதான் பல தலைமுறை ஆட்டக்காரர்களை மைதானத்தில் வைத்திருந்தது.

இத்தகைய துறை வேலைதான் முதல் வழி. ஆனால் அதற்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் மிட்ஃபீல்டருக்கு இயல்பாகவே ஒரு பின்னடைவு உண்டு. ஃபார்வர்டு அடித்த கோல் நாளிதழில் வரும். கோல்கீப்பர் தடுத்த பெனால்டியும் வரும். பந்தைப் பறித்து, தலையைத் தூக்கிப் பார்த்து, சரியான காலுக்குத் தள்ளிவிட்டு, திரும்ப ஓடி வந்து கவர் செய்தவரின் உழைப்பு எந்தச் சான்றிதழிலும் ஏறாது. அதைக் காண விவரமறிந்த பயிற்சியாளர் ஒருவர் வேண்டும். மாநிலங்கள் மோதும் சந்தோஷ் டிராபிக்கான தமிழ்நாட்டு அணியில் இடம் கிடைத்தால்தான் காகிதத்தில் அவர் பெயர் நிற்கிறது.

வெளியூர்ப் பயணம் இரண்டாவது வழி. தஞ்சாவூர்க்காரரான மிட்ஃபீல்டர் குலோத்துங்கன், 2003இல் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பையை வென்ற ஈஸ்ட் பெங்கால் அணியில் இருந்தவர். மோகன் பகான், மும்பை எஃப்சி, விவா கேரளா என்று பல சட்டைகள் மாற்றிய அவர், 2018இல் சாலை விபத்தில் காலமானார். வியாசர்பாடியின் தனபால் கணேஷ் புனே எஃப்சி வழியாகச் சென்னையின் எஃப்சிக்கு வந்தார். 2018 மார்ச்சில் கோவாவுக்கு எதிரான இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் கோல் அடித்தார். சில நாளில் கோப்பையும் கைக்கு வந்தது. அடுத்த சீசனை முழங்கால் காயம் பறித்துக்கொண்டது. இருவருமே உச்சிக்குப் போனவர்கள். அவர்களைப் போலவே உழைத்து, பெயர் தெரியாமல் போனவர்கள் இத்தடங்களில் ஏராளம்.

மூன்றாவது வழி செவன்ஸ். கேரளத்தின் மலப்புறம் பக்கத்தில் தற்காலிக கேலரி கட்டி இரவு விளக்கில் நடக்கும் இந்தப் போட்டிகளில் ஆட்டத்துக்கு ஆட்டம் கையில் பணம். ஆனால் ஏழு பேர் ஆடும் சிறிய மைதானத்தில் நடுக்களம் என்று ஒன்று ஏறக்குறைய இல்லை. பந்து ஒரு கோல் வாயிலிலிருந்து மறுகோல் வாயிலுக்குப் பாயும். பொறுமையாக ஆட்டத்தைக் கட்டுகிறவரின் திறமைக்கு அங்கே வேலை குறைவு, கணுக்காலுக்கு ஆபத்து அதிகம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகள் வளர்ந்தபோது, பழைய பொதுத்துறை ஆலைகளைப் போல அணிக்கென்று ஆள் எடுக்கும் வழக்கம் அங்கே வேரூன்றவில்லை. கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்த வேலை, அதுவும் ஷிஃப்டில். லீக் ஆட்டங்கள் பிற்பகலில் நடக்கின்றன. இரண்டாம் ஷிஃப்டும் பிற்பகலில்தான் தொடங்குகிறது. மேட்ச்சுக்கு வந்தால் அன்றைய கூலி போகும், கூலிக்குப் போனால் அணியில் இடம் போகும். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதில், உடல் நன்கு தேறிவரும் பருவத்தில், ஒருவர் ஆட்டத்தை விடுவதற்கு இதைவிட வேறு காரணம் தேவைப்படுவதில்லை. மாநில அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு உள்ள 3 விழுக்காடு ஒதுக்கீடும், சர்வதேச, தேசிய அளவில் பதக்கமோ பங்கேற்போ காட்ட முடிந்தவர்களுக்கே எட்டும். டிவிஷன் ஆட்டக்காரர் அந்தப் படிக்குக் கீழேயே நின்றுவிடுகிறார்.

2023-24இல் தொடங்கிய ஐ-லீக் 3, மாநில லீக்கில் சிறந்த கிளப்புகளுக்கு மேலே ஏறும் பாதையைத் திறந்திருக்கிறது. கிளப்புக்கு இது நல்ல செய்தி. ஆனால் ஆட்டக்காரருக்கு, சீசன் முடிந்த பிறகு வரும் மாதங்களுக்கான சம்பளத்தை அது இன்னும் தரவில்லை. ஆடி முடித்தவர்களில் சிலர் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் பட்டயமோ, அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் டி லைசென்ஸோ பெற்று, பள்ளி மைதானங்களில் சிறுவர்களுக்குப் பாஸ் பழக்குகிறார்கள்.