ரயில் போன பிறகும் நிற்கும் பாலம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கோலகங்சாருக்குக் கிட்ட, கராய் எண்டொரு சின்ன ஊர். அங்கே பேராக் ஆற்றுக்கு மேலாலே விக்டோரியா பாலம் நிற்குது. 1897 டிசம்பரில் வேலை தொடங்கி, 1900 மார்ச் 31 அன்று சுல்தான் இத்ரிஸ் திறந்து வைத்த ரயில் பாலம். ஏறத்தாழ 1000 அடி நீளம், ஒற்றைத் தண்டவாளம். ஈயம் ஏற்றத்தான் கட்டினார்கள். அங்கத்தைய தமிழர் ஈயம் எண்டு சொல்லுறது எங்கட வெள்ளீயத்தை. 2002இல் பக்கத்திலேயே புதுக் கொங்கிறீற் பாலம் வந்து, ரயில் அதுக்கு மாறிற்று. பழையதைக் கழற்றி இரும்புக்கு விற்கவில்லை. இப்போது அதில் சனம் நடக்குது, மோட்டார் சைக்கிள் போகுது.

திருகோணமலையிலிருந்து போன நாங்கள் நாலு பேரும் ஒரு பின்னேரம் அதில் நடந்தோம். ஓரமாக ஒடுங்கின பாதை. எதிரே மோட்டார் சைக்கிள் வந்தால் கம்பியோடு ஒட்டி நிற்க வேணும். ஒரு ஐயா சைக்கிளை நிறுத்தி, "சிலோன்காரங்களா?" எண்டு கேட்டார். நாங்கள் வாயைத் திறந்து ரெண்டு சொல்தான் கதைத்திருப்போம்.

அந்தக் கேள்விக்குள்ளே ஒரு வரலாறு இருக்குது. மலாயாவின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் 1இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. அதைப் போட்டது இலங்கையிலிருந்து கொண்டுபோன பயனியர் படையின் ரெண்டு பிரிவுகள். பிறகு மலாயா ரயில்வேக்குத் தலைமை தாங்கிய ஸ்பூனரும் முதலில் இலங்கையில் பொதுவேலைப் பகுதியில் இருந்தவர்தான். அவர் காலத்தில் யாழ்ப்பாணத்து இங்கிலீசு படித்த பெடியன்கள் கப்பலேறி ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் கிளாக்கர்களாகவும் ஆனார்கள். ஊரில் 'மலாயன் பென்சனியர்' வீடு எண்டால் அது ஒரு மதிப்பு.

ஆனால் தண்டவாளத்தில் கல் கொட்டினவர்களில் கனபேர் தமிழ்நாட்டிலிருந்து போன கூலிகள். ஒரே மொழிதான், ஆனால் இருந்த லைன் வேறு, சம்பளம் வேறு. பென்சன் எடுத்தவர்களின் படம் எங்கட வீட்டுச் சுவர்களில் தொங்குது. மற்றவர்களின் பேரைக்கூட ஒருவரும் எழுதி வைக்கவில்லை. 'மலாயாவைக் கட்டினது நாங்கள்' எண்டு எங்கட ஆக்கள் பெருமை அடிக்கும்போது இந்த 'நாங்கள்' ஆர் எண்டு கேட்க வேண்டியிருக்குது.

பாலத்தின் நடுவில் நிற்கும்போது எங்களில் ஒருத்திக்கு, கிண்ணியாக்காரிக்கு, வேறு யோசனை. ஈயத்துக்காக 1900இலேயே 1000 அடிக்குப் பாலம் போட முடிந்திருக்குது. திருகோணமலைத் துறைமுகத்துக்காக வெள்ளைக்காரன் கொட்டாத காசா? ஆனால் கிண்ணியாச் சனம் கடலைக் கடக்க 'பாதை'யைத்தான் நம்பி இருந்தது. (வெளியூர் ஆக்களுக்கு: எங்கட பக்கத்தில் வாகனமும் ஆளும் ஏற்றுற மிதவைக்குப் பேர்தான் பாதை.) 396 மீற்றர் பாலம் திறந்தது 2009 ஒக்டோபரில்.

அதோடு முடியவும் இல்லை. குறிஞ்சாக்கேணியில் புதுப் பாலத்து வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில் சனம் திரும்பவும் மிதவையில் ஏறியது. 2021 நவம்பர் 23 காலையில் அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் செத்துப் போனார்கள்.

கராயில் புதுப் பாலம் வந்து ரயில் மாறின பிறகும் பழையது நிற்குது. அங்கே அதைப் பாரம்பரியச் சின்னம் எண்டு படம் எடுக்க வருகிறார்கள், நாங்களும் எடுத்தோம். ஊர்ச்சனத்துக்கு அது கடைக்குப் போகிற வழி. எங்களுக்குப் பிடித்தது இந்த ரெண்டாவது காரணம்தான். புது வழி திறக்கும் மட்டும் பழைய வழியை விட்டு வைக்கிறது பெரிய எஞ்சினியர் வித்தை இல்லை. இடையில் சனம் எதால் போகும் எண்டு ஒருவர் கேட்டிருந்தால் காணும்.

கிண்ணியாக்காரி அங்கே ஒரு படமும் எடுக்கவில்லை. அக்கரை மட்டும் நடந்துபோய், திரும்பி வந்தாள்.