காய்ச்சலும் பசியும்: 1934-35 மலேரியாக் கொள்ளைநோய்

1934ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இலங்கையிற் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. மருத்துவ வரலாற்றில் வைத்தே பெரிதும் பேசப்படும் இவ்வழிவு, உணவின் வரலாற்றிலும் இடம்பெறத் தக்கதாகும்.

அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா முதலியன வற்றிக் குட்டைகளாயின. அக்குட்டைகளில் அனோபிலிஸ் நுளம்புகள் பெருகின. வரண்ட வலயத்தவரைப் போலன்றி, கேகாலை மாவட்டத்தவர் போன்றோர் இந்நோய்க்குப் பழக்கப்படாதவர்கள்.

ஆயினும், நுளம்புக்கு முன்னரே வறுமை வந்துவிட்டது. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தினால் இறப்பர், தெங்குப் பொருட்கள் ஆகியவற்றின் விலைகள் வீழ்ந்தன, கூலி குறைந்தது, வரட்சியால் விளைச்சலுங் குன்றியது. உண்ணும் அரிசியிற் பெரும்பகுதியை இறக்குமதி செய்த நாட்டில், கையிற் காசில்லாதவனுக்குக் கடையில் அரிசி இருந்தும் பயனில்லை.

இந்நிலையை நோய் மேலும் மோசமாக்கியது. விட்டுவிட்டு வரும் மலேரியாக் காய்ச்சல் செங்குருதிக் கலங்களை அழித்துச் சோகையை விளைவிப்பது. உழைப்பவன் படுத்தால் அன்றைய கூலியில்லை; தாய் படுத்தால் அடுப்பெரிவதில்லை. உணவின்றி மெலிந்த உடலை அடுத்த காய்ச்சல் எளிதில் வீழ்த்தியது. சிசுக்களும் சிறுவரும் பெருந்தொகையாக மாண்டனர். நோய் பசியை வளர்க்க, பசி நோயை வளர்த்தது.

எனவே, குயினைன் மாத்திரம் போதுமானதாக இருக்கவில்லை. நிவாரணப் பணியில் இறங்கிய சூரியமல் இயக்கத்தினர் இதனைக் கிராமங்களிலே நேரிற் கண்டனர். மருந்தோடு உணவும், உயிர்ச்சத்து பீ நிறைந்த மாமைற்றும் அவர்களால் வழங்கப்பட்டன. பருப்பு வழங்கிய என். எம். பெரேரா 'பருப்பு மாத்தயா' என மக்களால் அழைக்கப்பட்டார். 1936ஆம் ஆண்டின் அரசாங்க சபைத் தேர்தலில் ருவன்வெல்லத் தொகுதி அவரைத் தெரிவுசெய்தமைக்கு இப்பணியும் ஒரு காரணம் எனலாம்.

2020இல் கொவிட் தொற்றின்போது ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டதும், நாட்கூலி பெறுவோர் இழந்தது முதலிற் கூலியை, அடுத்து உணவை. நோய்க்கிருமி வேறாயினும் இழப்பின் ஒழுங்கு மாறவில்லை. வறிய நாடொன்றிலே கொள்ளைநோயை எதிர்க்கும் முதலரண் மருந்துச்சாலையில் மாத்திரமன்று, அடுப்படியிலும் அமைதல் வேண்டும் என்பதே அவ்வாண்டுகள் புகட்டும் பாடமாகும்.